தலை முட்டினால் இருந்துவிட்டுப் போ

லெராய் எங்கள் முன்வாசலில், சப்பாத்து அடுக்கிவைக்கிற மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். ஆறடி ஒன்பது அங்குல மனிதர் ஒருவர் சப்பாத்துப் பெட்டியில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். வெளியே வான் வண்டி நிற்கிறது. வானில் இருக்கும் டெரி ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறேன்.

"மிஸஸ் செல்வா, மாட்ச் துவங்கப்போகுது" என்று டெரி கத்துகிறார்.

"துவங்கட்டும். தலை முட்டின ஆளை அப்பிடியே அனுப்பேலாது. தம்பி, முழுக்கக் குடியும்."

லெராய் பணிவாக முழுவதையும் குடித்து, கிளாசைக் கவிழ்த்துக் காட்டுகிறார். அதற்குப் பிறகுதான் நான் விலகி வழிவிடுகிறேன்.

இந்தத் தொடரில் கார் ஓடப் பழகியதையும் கோயில் மண்டபத்தில் கூரை பறந்ததையும் எழுதியாகிவிட்டது. "விளையாட்டு என்று ஒரு வரிகூட இல்லையே, உங்களுக்கு அதெல்லாம் தெரியாதோ?" என்று ஹென்டர்சனிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தெரியும் ஐயா. மேற்கு ஒக்லாந்தின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து அணியின் முதல் சம்பள ஆட்டக்காரர் என் வீட்டில்தான் புட்டு சாப்பிட்டார். இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். லெராயும் டெரியும் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடத்தில் அவர்கள் பேச்செல்லாம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது. அப்படியே தருகிறேன்.

பூனையை விட்டோம்

எங்கள் ஆட்களுக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிற நேரம் பொல்லாத நேரம். எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. ஒற்றைத் தும்மல் கூடாது. பூனை குறுக்கே போகக் கூடாது. வாசல் நிலையில் தலை முட்டினால் திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நியூசிலாந்துக்கு வந்தபோது இவற்றையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் வந்தோம். ஆனால் நாங்கள் குடியிருந்த ரானுயியில் வீட்டுக்கு இரண்டு பூனை. பூனையைப் பார்த்தால் ஒருவரும் வேலைக்குப் போக முடியாது, வீட்டுக் கடன் மோர்கேஜும் கட்ட முடியாது. எனவே முதலில் பூனையை விட்டோம். வசந்த காலத்தில் ஊர் முழுக்கத் தும்முகிறது, ஆகவே தும்மலையும் விட்டோம்.

தலை முட்டுவது மட்டும் மிஞ்சியது. இவரும் நானும் ஐந்தடி சொச்சம். எங்கள் தலை எந்த நிலையிலும் முட்டப்போவதில்லை. அதனால் அந்த ஒன்றை வைத்திருப்பதில் எங்களுக்கு எந்தக் கரைச்சலும் இருக்கவில்லை, லெராய் வந்து சேரும்வரை.

இப்ப கேக்கிறன்தானே

இவர் என்றால் என் வீட்டுக்காரர், செல்வநாயகம். அப்போது ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை. ரானுயி ஒக்லாந்தின் ஒரு மூலை, ஈஸ்ட் டாமாக்கி மறு மூலை. எங்களிடம் கார் இல்லை. அவருடைய மேற்பார்வையாளர் டெரியும் மேற்குப் பக்கம்தான் குடியிருந்தார். தினமும் டெரியின் வானில்தான் இவர் போய்வந்தார். அதனால் டெரி எதைக் கேட்டாலும் இவருக்கு ஓம்தான் வரும், மாட்டேன் வராது.

அந்த டெரிக்கு ஒரு கனவு இருந்தது. நகரத்தில் பணக்கார அணிகள் இருக்கும்போது மேற்குக்கு ஏன் ஒன்று இருக்கக் கூடாது? தேவாலய மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் ஆடிக்கொண்டிருந்த ஆட்களைச் சேர்த்தார். ஒரு கம்பளக் கடைக்காரரிடம் பேசி, அவர் செலவில் சட்டை வாங்கினார். அணிக்குக் கேனட்ஸ் என்று பெயர் வைத்தார். கேனட் என்பது முரிவாய் கடற்கரைப் பாறையில் கூடு கட்டுகிற பறவை, உயரத்திலிருந்து நேராகக் கடலுக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும். எங்கள் அணியும் நன்றாகத்தான் பாய்ந்தது. மீன்தான் அகப்படவில்லை.

முதலாம் பிரிவில் ஆடுவதென்றால் தொழில்முறை அணியாக இருக்க வேண்டும் என்றார்கள். தொழில்முறை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கேனட்ஸில் சம்பளம் ஒரே ஒருவருக்குத்தான், அமெரிக்காவிலிருந்து எடுப்பிக்கிற ஆட்டக்காரருக்கு. அவருக்கு இம்போர்ட் என்று பெயர். அந்த நாளில் ஒக்லாந்தில் இம்போர்ட் என்றால் ஜப்பானிலிருந்து கப்பலில் வருகிற பழைய கார்தான் எனக்குத் தெரியும். மற்றவர்கள் எல்லாரும் சந்தா கட்டி ஆடினார்கள். ஒருவர் தீயணைப்பு வீரர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். விரி என்ற இடத்தில் களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிற சியோனே என்ற சமோவாக்காரர்தான் அவர்களில் பெரிய உருவம்.

இம்போர்ட்டைத் தங்கவைக்க ஒரு வீடு தேவைப்பட்டது. டெரி வானில் வைத்துக் கேட்டிருக்கிறார். இவர் ஓம் என்றுவிட்டார்.

"ஒரு ஆள் ஆறு மாசம் எங்களோடை இருக்கப்போறார்" என்றார் இவர், சோற்றைப் பிசைந்தபடி.

"ஆர்?"

"அமெரிக்கர். பந்து விளையாடுறவர்."

"என்னைக் கேட்டனீங்களோ?"

"இப்ப கேக்கிறன்தானே."

இரண்டு நாள் நான் இவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் லெராய் வந்துவிட்டார்.

நடக்கிறான், நடக்கிறான்

வருகிறபோதே நிலையில் முட்டினார். உள்ளே வரும்போது முட்டினால் கணக்கில்லை, அதனால் விட்டுவிட்டேன். அடுத்த நாள் காலை பயிற்சிக்குப் புறப்படும்போது மறுபடி முட்டினார். "தம்பி, இரும்" என்றேன். அவர் பயந்துபோய் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார். என் அந்நாளைய ஆங்கிலத்தில் என்னால் சொல்ல முடிந்தது, "எங்கடை வழக்கம்" என்பதுதான். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. முட்டுவார், தானாக வந்து சப்பாத்துப் பெட்டியில் உட்காருவார்.

லெராய்க்கு முப்பத்தொரு வயது. எந்த நாட்டில் எல்லாம் ஆடினார் என்று கேட்டால் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போவார். எல்லா இடத்திலும் பாதி சீசனில் அனுப்பிவிட்டார்கள். பெரிய திறமைசாலி என்று நானும் சொல்லமாட்டேன். முழங்கால் ஒன்று மடங்கும்போது முறுக்குக் கடிக்கிற சத்தம் கேட்கும். ஆனால் மனிதர் தங்கம். கட்டிலின் நீளம் காணாமல் கால்மாட்டில் ஒரு டிரங்குப் பெட்டியைப் போட்டுத் தூங்கினார். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும்தான் என்றதற்கு முகம் சுளிக்கவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறியை ரசித்துச் சாப்பிட்டார். என்னை அக்கா என்று கூப்பிடச் சொன்னேன், அன்றிலிருந்து அக்காதான். அவருடைய பச்சைச் சட்டை முதல் சலவையிலேயே சாயம் போய், இவருடைய கோயில் வேட்டி கிளிப்பச்சை ஆனது. அன்று லெராய் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

முதல் மாட்சுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இப்போது ஒக்லாந்தில் கூடைப்பந்து பார்க்கப் போனால் கலர் விளக்கு என்ன, புகை என்ன, இருக்கைக்கே வருகிற சிப்ஸ் என்ன. அன்று அது ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம். கூரை ஒழுகும். ஒழுக்குக்குக் கீழே எங்கள் தொழிற்சாலை வாளிகள் வரிசையாக நிற்கும். மழை கூடினால் நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துவார், இவர் ஓடிப்போய் வாளியை ஊற்றிவிட்டு வருவார். நனைந்த கம்பளிச் சட்டையும் நோவெண்ணெயும் கலந்த ஒரு மணம் மண்டபம் முழுக்க இருக்கும். இன்றைக்கும் யாராவது முதுகில் நோவெண்ணெய் பூசினால் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கு வலைப்பந்து ஆடியவள். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், நடந்தால் குற்றம். இங்கே எதிரணிக்காரன் பந்தைத் தட்டித் தட்டிக்கொண்டு ஓடுகிறான், நடுவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "நடக்கிறான், நடக்கிறான்" என்று எழும்பி நின்று தமிழிலேயே கத்தினேன். அடுத்த வாரம் பின்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் அர்த்தம் தெரியாமல் "நடக்கிறான்" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். எதிரணி பந்து தட்டினாலே அந்தச் சத்தம்தான்.

அப்படியெல்லாம் கத்தியும் கேனட்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தது.

கீழே விழுந்தால்

ஆகஸ்டில் ஒரு பின்னேரம் டெரி எங்கள் குசினியில், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தபடி நிலைமையைச் சொன்னார். சனிக்கிழமை கடைசி ஆட்டம். எங்களைப் போலவே அடியில் கிடக்கிற இன்னொரு அணியோடு. தோற்கிறவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். இரண்டாம் பிரிவில் இம்போர்ட் கிடையாது.

"தோத்தா?" என்று கேட்டேன்.

"தோத்தா லெராய் அடுத்த கிழமை பிளேன் ஏறவேணும்."

லெராய் மேசையில் விழுந்த புட்டுத் துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். டெரி போன பிறகு சொன்னார், "மாமா டயர் கடை வைச்சிருக்கிறார், அக்கா. அங்கைதான் போகவேணும். இந்த வயசிலை இனி ஒருதரும் கூப்பிடமாட்டினம்."

எனக்கு அவர் போகக் கூடாது என்றிருந்தது. மறைக்க இதில் ஒன்றுமில்லை. அப்போது எங்களுக்குப் பிள்ளை இல்லை, சொந்தம் என்று இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. நாட்டை விட்டு வந்த பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்றாவது சோற்றுக் கோப்பை வைத்தது அந்த ஆறு மாதம்தான். அந்தக் கோப்பையை எடுத்து அலமாரியில் வைக்க எனக்கு மனமில்லை.

துவாய் கட்டிய நிலை

சனிக்கிழமை விடிய எழும்பி முதல் வேலையாக, குளிக்கிற பெரிய துவாயை நாலாக மடித்து, முன்வாசல் நிலையில் வைத்துப் பார்சல் டேப்பால் சுற்றி ஒட்டினேன். இன்றைக்கு ஒரு கூடாத சகுனமும் நடக்கக் கூடாது. இவர் பார்த்துவிட்டு, "கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்றார். நான் திரும்பியும் பார்க்கவில்லை.

வான் வந்தது. லெராய் பையைத் தூக்கினார். "தம்பி, நல்லாக் குனியும்" என்றேன். குனிந்தார். தலை துவாயில்கூடப் படவில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக முட்டாமல் வாசலைத் தாண்டி, நடந்து, வானில் ஏறிவிட்டார். நான் முருகனை நினைத்துக் கும்பிட்டேன்.

வான் புறப்படவில்லை. கதவு திறந்தது. லெராய் இறங்கி வீட்டை நோக்கி ஓடிவந்தார். முன்வாசலுக்கு வராமல் பக்கத்தால் சுற்றிப் பின்பக்கம் போனார். எங்கள் பின்கதவு உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் திறக்கும். அது முன்கதவைவிடத் தாழ்வு, மேலே அலுமினியத் தகடு வேறு.

டமார் என்று ஒரு சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருக்கிறார். புருவத்துக்கு மேலே வெடித்து, ரத்தம் மூக்கின் மேலாக வடிந்து பச்சைச் சட்டையில் விழுகிறது. என்னைப் பார்த்துவிட்டு, "தண்ணி, அக்கா" என்கிறார்.

டெரி வந்து பார்த்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார், பிறகு இவரை மட்டும் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரரின் காரை இரவல் வாங்கி நான் லெராயை ஹென்டர்சன் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். பின் இருக்கையில் குறுக்கே படுத்துக்கொண்டு வந்தார், கால் இரண்டும் ஜன்னலுக்கு வெளியே நின்றன.

அங்கே நர்ஸ் வசந்தி, மதுரைக்காரப் பிள்ளை, கோயிலில் பழக்கம். காயத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"யாரு அக்கா அடிச்சது?"

"ஒருதரும் அடிக்கேல்லை. தானாப் போய் முட்டினவர்."

"தானாவா? இவ்ளோ பெரிய ஆளு, பாத்து வரமாட்டாரா?"

"பாத்துத்தான் முட்டினவர்."

வசந்தி லெராயை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். தையல் போட்டு முடிந்ததும், "ரெண்டு வாரத்துக்கு ஆடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா. இன்னிக்கு சுத்தமா முடியாது" என்றாள்.

காரில்

மண்டபத்துக்குப் போகிற வழியெல்லாம் திட்டினேன்.

"ஏன் தம்பி திரும்பி வந்தனீர்? முட்டினா வெல்லலாம் எண்டு ஆர் சொன்னது? முட்டுறது கூடாத சகுனம். அதைக் கழிக்கத்தான் இருக்கச் சொல்றது. ஆறு மாசமா முட்டி முட்டித்தானே தோத்தனீர்? விசரே உமக்கு?"

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினேன்.

"எனக்குச் சகுனமெல்லாம் தெரியாது, அக்கா" என்றார் பின்னாலிருந்து. "போன இடமெல்லாம் என்னைப் போ எண்டுதான் சொன்னவை. வெளிக்கிட்ட ஆளைப் பிடிச்சு, இருந்திட்டுப் போ எண்டு சொன்னது உங்கடை வீட்டிலைதான். இண்டைக்குத் தோத்தா அதுதான் கடைசித் தரம். அதைக் கேக்காமல் போக ஏலாமல் கிடந்தது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. விளக்கு பச்சையாகிப் பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன. அடிக்கட்டும் என்று கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

வாளிக்கு மேலால்

நாங்கள் போகும்போது பாதி ஆட்டம் முடிந்திருந்தது. கேனட்ஸ் புள்ளிகளில் பின்னால் நின்றது. லெராய் தலைக்கட்டோடு போய் வாங்குப் பலகையின் நுனியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரா? நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி, "சியோனே, இடது பக்கம்! சியோனே, கையைத் தூக்கு" என்று தொண்டை கிழியக் கத்தினார். சியோனே வழமையாக லெராய்க்குப் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிற ஆள். அன்றைக்குக் கொடுக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு தானே போடத் தொடங்கினார். போட்டது எல்லாம் விழுந்தது.

பின்வரிசைப் பிள்ளைகள் நடக்கிறான், நடக்கிறான் என்று கத்த, கடைசி நிமிடத்தில் சியோனே போட்ட பந்து வளையத்தில் சுற்றிச் சுற்றி, போவோமா வேண்டாமா என்று யோசித்து, உள்ளே இறங்கியது. ஒரு புள்ளியில் வென்றோம். இவர் ஓடிப்போய் டெரியைக் கட்டிப்பிடிக்கப் பாய்ந்து, வாளியைத் தட்டி, மண்டபத்து நடுவில் வழுக்கி விழுந்தார். நாங்கள் கீழே இறங்கவில்லை. லெராய் போகத் தேவையில்லை. அன்று இரவு பால்சோறு காய்ச்சினேன்.

இரண்டு பக்கமும் இடி

திங்கட்கிழமை டெரி வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை.

"நேற்றுக் கமிட்டி கூடினது" என்றார். "லெராய் இல்லாமலே வெண்டிட்டம்தானே எண்டு கதைச்சினம். சியோனே இருக்கேக்கை சம்பளத்துக்கு ஒரு ஆள் எதுக்கு எண்டு கேட்டினம். அடுத்த வருஷம் முதலாம் பிரிவுக்கும் இம்போர்ட் கட்டாயமில்லையாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன்."

தோற்றால் போக வேண்டும் என்றார்கள். வென்றார்கள், அதனாலும் போக வேண்டும் என்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று டெரியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். மத்தளம் என்னவென்று அவருக்கு விளங்கியிராது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்.

லெராய் நெற்றித் தையலைத் தடவினார். பிறகு கேட்டார்.

"அடுத்த வருஷப் ப்ராக்டிஸ் எப்ப துவங்குது?"

"லெராய், சம்பளம் இல்லை எண்டு சொன்னனான்."

"கேட்டது. எப்ப துவங்குது?"

"பெப்ரவரி. ஆனா சம்பளம் இல்லாமல் உன்ரை விசா?"

அப்போது இவர் தொண்டையைச் செருமினார். டெரியின் முன்னால் இவர் தானாக வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"தொழிற்சாலையிலை மூண்டாம் லைனிலை ஆள் இல்லை, டெரி. ரெண்டு மாசமா நான்தான் ரெண்டு லைனையும் பாக்கிறன். விசாவுக்குக் கடிதம் நீங்கள் எழுதலாம்."

டெரி இவரைப் பார்த்தார், லெராயைப் பார்த்தார். பிறகு ஆறிப்போன தேத்தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

விசா வர நாலைந்து மாதம் இழுத்தது. அந்த மாதங்களில் நான் வைக்காத நேர்த்திக்கடன் இல்லை. கடைசியில் வந்தது. லெராய் வாளி செய்யப் போனார்.

பெப்ரவரியில் கேனட்ஸ் பதிவு நாள். மண்டபத்து வாசலில் டெரி ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். தீயணைப்பு வீரரும் வாத்தியாரும் சியோனேயும் வரிசையில் நின்று சந்தா கட்டினார்கள். சியோனேக்குப் பின்னால் லெராய் நின்றார், தொழிற்சாலைச் சட்டையோடு. அவர் முறை வந்ததும் காசை எடுத்து மேசையில் வைத்தார்.

டெரியின் முகம் சிவந்துபோனது. காசைத் திருப்பித் தள்ளினார். "நீ கட்ட வேண்டாம், லெராய். நீ எங்கடை முதல் புரொஃபெஷனல்."

லெராய் மறுபடியும் காசை அவர் பக்கம் தள்ளினார்.

"எடுங்கோ, டெரி. சம்பளக்காரனை நினைச்ச நேரம் அனுப்பலாம். சந்தா கட்டினவனை அனுப்பேலாது."